எந்தக் கணக்குக்கு எந்தப் பரவல்?

சராசரியை மட்டும் நம்பி எடுக்கும் முடிவுகள் ஏன் கைவிடுகின்றன? கையிருப்பு, முன்பதிவு, பழுது, திட்டச் செலவு, வெள்ள அபாயம் என ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான நிகழ்தகவுப் பரவலைக் கண்டுகொள்வது எப்படி? ஒரு விரிவான பார்வை.

ஒரு மருந்துக்கடையில் குறிப்பிட்ட ஊசிமருந்தைக் கேட்டு நாளொன்றுக்குச் சராசரியாக 4 பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஒரு குப்பி. தினமும் காலையில் 4 குப்பிகள் இருக்கும்படி கடைக்காரர் பார்த்துக்கொள்கிறார். "மருந்து இல்லை" என்று யாரையாவது திருப்பி அனுப்ப வேண்டிய நாள்கள் நூற்றுக்கு எத்தனை இருக்கும்?

ஐந்தோ பத்தோ என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். ஒருவரோடு ஒருவர் தொடர்பில்லாமல் மனிதர்கள் வந்துபோகும் கடை என்றால் சரியான விடை 37. இருப்பை 8 குப்பிகளாக உயர்த்தினால் அது 2 நாள்களாகக் குறைந்துவிடும். சராசரி என்ற ஒரே எண்ணைப் பார்த்தால் இந்த இரண்டு விடைகளில் எதுவும் கிடைக்காது. அந்தச் சராசரியைச் சுற்றி எண்கள் எப்படிச் சிதறிக் கிடக்கின்றன என்று தெரிந்தால்தான் கிடைக்கும். அந்தச் சிதறலுக்குத்தான் நிகழ்தகவுப் பரவல் என்று பெயர்.

ஈருறுப்புப் பரவல், பாய்சான் பரவல், இயல்நிலைப் பரவல் மூன்றும் பிளஸ் டூ வணிகக் கணிதப் பாடத்திலேயே வந்துவிடுகின்றன. ஆனால் தேர்வுக் கேள்வியில் "இது பாய்சான் பரவலைப் பின்பற்றுகிறது" என்று எழுதியே கொடுத்துவிடுவார்கள். வாய்ப்பாட்டில் எண்ணைப் போட்டால் மதிப்பெண். தொழிலுக்குள் நுழைந்த பிறகு எந்தப் பரவல் என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. பணத்தைக் காப்பதும் கரைப்பதும் அந்தத் தேர்வுதான். அதற்கு அடிப்படையாக ஒரே ஒரு கேள்வி போதும்: இந்த எண் எப்படிப் பிறக்கிறது?

குதிரை உதையும் தொலைபேசி மணியும்

பிரெஞ்சுக் கணிதவியலாளர் சிமியோன் பாய்சான் தன் பெயரில் இன்று வழங்கும் பரவலை 1837-இல் வெளியிட்டார். அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு, 1898-இல், லாடிஸ்லாஸ் போர்ட்கேவிச் அதை நிஜ உலகத் தரவோடு உரசிப் பார்த்தார். பிரஷ்ய ராணுவத்தில் குதிரை உதைத்து இறந்த வீரர்களின் கணக்கு அது. பத்துப் படைப்பிரிவுகள், 20 ஆண்டுகள், ஆக 200 பதிவுகள். மொத்த மரணங்கள் 122. ஒரு மரணமும் இல்லாத பதிவுகள் 109, ஒன்று நிகழ்ந்தவை 65, இரண்டு 22, மூன்று 3, நான்கு 1. பாய்சான் வாய்ப்பாடு எதிர்பார்ப்பது ஏறக்குறைய 109, 66, 20, 4, 1.

இந்தப் பொருத்தத்தை வியந்து சொல்பவர்கள் இன்னொரு விவரத்தை விட்டுவிடுகிறார்கள். போர்ட்கேவிச்சிடம் 14 படைப்பிரிவுகளின் தரவு இருந்தது. அமைப்பில் மாறுபட்ட நான்கை அவர் தனியே ஒதுக்கினார். ஒரே மாதிரியான சூழலில், ஒன்றையொன்று தூண்டாமல், அபூர்வமாக நிகழ்பவற்றுக்கே பாய்சான் பொருந்தும் என்பதை அவர் அறிந்திருந்தார். பரவலைத் தேர்வதற்கு முன் தரவு எங்கிருந்து வருகிறது என்று பார்த்த அந்த நிதானம்தான் நமக்குப் பாடம்.

அதே பரவல் வணிகத்துக்கு வந்தது கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில். அங்கே பணியாற்றிய ஏ. கே. எர்லாங், அழைப்புகள் தற்செயலாக வரும்போது பாய்சான் பரவலைப் பின்பற்றுகின்றன என்று 1909-இல் காட்டினார். எத்தனை இணைப்புகள் இருந்தால் எத்தனை அழைப்புகள் கிடைக்காமல் போகும் என்பதற்கான வாய்ப்பாட்டை 1917-இல் வெளியிட்டார். ஒரே நேரத்தில் சராசரியாகப் பத்துப் பேர் பேசுமளவுக்கு அழைப்புகள் வருகின்றன என்றால் பத்து இணைப்புகள் போதுமா? எர்லாங்கின் கணக்குப்படி நூற்றுக்கு 21 அழைப்புகள் திரும்பிப் போகும். இன்னும் ஐந்து இணைப்புகள் சேர்த்தால் 4 அழைப்புகள் கூடத் திரும்பாது. கால் சென்டரில் எத்தனை பேரை அமர்த்துவது, மருத்துவமனையில் எத்தனை படுக்கை வைப்பது என்ற இன்றைய கணக்குகளுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

கூட்டமாக வந்தால் கணக்கு மாறும்

பாய்சானுக்கு எளிய ஓர் அடையாளம் உண்டு. அதில் சராசரியும் பரவற்படியும் சமம். பரவற்படி என்பது திட்ட விலக்கத்தின் வர்க்கம்; எக்செல் ஒரே கட்டளையில் கணக்கிட்டுத் தரும். உங்கள் தினசரித் தரவில் சராசரி 4, பரவற்படியும் 4-க்கு அருகே என்றால் பாய்சான் பொருந்த வாய்ப்பிருக்கிறது. பரவற்படி 12 என்று வந்தால் பொருந்தாது.

ஏன் அப்படி வருகிறது? பக்கத்து மருத்துவமனையில் ஒரு குறிப்பிட்ட மருத்துவர் வரும் நாளில் பத்துப் பேர் ஒன்றாக வருவார்கள். மற்ற நாளில் ஒருவரும் வரமாட்டார்கள். காய்ச்சல் பருவத்தில் குவியும். அடுத்த மாதம் வற்றும். அதாவது சராசரியே நாளுக்கு நாள் மாறிக்கொண்டிருக்கிறது. இத்தகைய தரவுக்குப் பொருத்தமானது நெகட்டிவ் பைனாமியல் பரவல். கிரீன்வுட், யூல் இருவரும் 1920-இல் தொழிற்சாலை விபத்துகளுக்கு இதைப் பயன்படுத்தினார்கள். வீடுகள் நுகர்பொருள்களை வாங்கும் முறைக்கும் இது பொருந்துகிறது என்று ஆண்ட்ரூ எரன்பெர்க் 1959-இல் எழுதினார். ஒவ்வொரு வீடும் தனக்கென்று ஒரு வேகத்தில் வாங்குகிறது, அந்த வேகம் வீட்டுக்கு வீடு வேறுபடுகிறது என்பது அவருடைய விளக்கம்.

நம் மருந்துக்கடைக்கு வருவோம். சராசரி அதே 4, பரவற்படி 12 என்றால் 8 குப்பிகள் வைத்திருந்தும் நூற்றுக்குப் பத்து நாள்களில் பற்றாக்குறை வரும். பாய்சான் சொன்னது 2 நாள்கள்; உண்மை அதைப்போல் ஐந்து மடங்கு. அதே 2 நாள் பாதுகாப்பு வேண்டுமானால் இருப்பு 13-ஆக வேண்டும்.

இதை நேர்மாறாகவும் பார்க்க வேண்டும். மாலைக்குள் விற்காவிட்டால் வீணாகும் கேக்கை நினைத்துப் பாருங்கள். ஒன்று குறைந்தால் 30 ரூபாய் லாபம் போகும், ஒன்று மிஞ்சினால் 10 ரூபாய் நட்டம் என்றால், நூற்றுக்கு 75 நாள்களில் போதுமான அளவுக்குச் செய்து வைப்பதே லாபகரம். 30-ஐ 40-ஆல் வகுத்தால் வரும் விகிதம் அது. வங்கிகள் எவ்வளவு ரொக்கம் கையில் வைக்க வேண்டும் என்று எட்ஜ்வொர்த் 1888-இல் எழுப்பிய கேள்வியிலிருந்து வளர்ந்த சிந்தனை இது. கேக்குக்கும் தேவை சராசரி 4 என்றே வைத்தால், இந்த விகிதத்துக்குப் பாய்சான் 5 கேக் என்கிறது. பரவற்படி 12 கொண்ட நெகட்டிவ் பைனாமியல் 6 என்கிறது. நட்டக் கணக்கைத் திருப்பிப் போட்டு, மிஞ்சினால் 30, குறைந்தால் 10 என்று வையுங்கள். பாய்சான் 3 என்கிறது. மற்றது 1 போதும் என்கிறது. ஏற்ற இறக்கம் அதிகம் என்றாலே அதிகம் சேர்த்து வை என்று பொருளல்ல. எந்தப் பக்கத்துத் தவறு விலை அதிகம் என்பதையும் சேர்த்தே முடிவெடுக்க வேண்டும்.

வருவாரா, மாட்டாரா?

விடை ஆம் அல்லது இல்லை என்று மட்டுமே இருக்கும் கேள்விகள் உண்டு. பயணச்சீட்டு வாங்கியவர் வருவாரா? கடன் வாங்கியவர் தவணை கட்டுவாரா? பொருள் சோதனையில் தேறுமா? எண்ணிக்கை நிலையாக இருந்து, ஒவ்வொன்றுக்கும் வாய்ப்பு ஒன்றாக இருந்தால் ஈருறுப்புப் பரவல் பொருந்தும். மூன்றாவது நிபந்தனையைத்தான் பலர் மறக்கிறார்கள்: ஒன்றின் முடிவு மற்றொன்றைத் தொடக் கூடாது.

180 இருக்கை கொண்ட விமானத்துக்கு 184 சீட்டு விற்கிறார்கள். நூற்றுக்கு 95 பேர் வந்துவிடுவார்கள் என்பது அனுபவம். எல்லோரும் தனித்தனிப் பயணிகள் என்றால் இருக்கை போதாமல் போகும் வாய்ப்பு நூற்றுக்கு 1.6. அதே 184 பேரும் 92 தம்பதிகள், வந்தால் இருவரும் வருவார்கள், வராவிட்டால் இருவரும் வரமாட்டார்கள் என்றால் அந்த வாய்ப்பு 5.2. சராசரி வருகை துளியும் மாறவில்லை. ஆபத்து மூன்று மடங்கு ஆகிவிட்டது. கடன் தருபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஒரே ஊரில், ஒரே தொழிலில் இருக்கும் ஆயிரம் பேருக்குக் கொடுத்த கடன், ஆயிரம் தனித்தனிக் கடன்கள் ஆகாது. அந்தத் தொழில் நொடித்தால் எல்லாத் தவணையும் ஒன்றாக நிற்கும்.

எப்போது பழுதாகும்?

எண்ணிக்கையைவிட்டுக் காலத்துக்கு வந்தால் வேறு குடும்பம். ஒரு நிகழ்வுக்கும் அடுத்ததற்கும் இடையிலான காத்திருப்புக்கு எளிய வடிவம் அடுக்குக்குறிப் பரவல். அதற்கு நினைவே கிடையாது. பத்து ஆண்டு ஓடிய உதிரிபாகமும் நேற்று மாட்டியதும் நாளை பழுதாகும் வாய்ப்பு ஒன்றுதான் என்று அது சொல்லும்.

தேய்மானம் உள்ள இயந்திரத்துக்கு அது பொருந்தாது. சுவீடன் பொறியாளர் வலோடி வெய்புல் 1951-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இந்தக் குறையைத் தீர்த்தது. உருக்கின் வலிமை தொடங்கி அவரைவிதையின் அகலம் வரை ஏழு எடுத்துக்காட்டுகள் தந்தார். அவற்றில் ஒன்று இந்தியப் பருத்தி இழையின் வலிமை. வெய்புல் பரவலில் வடிவ எண் ஒன்று உண்டு. அது 1-க்குக் கீழே இருந்தால் தொடக்கத்திலேயே பழுதாகும் பொருள். தயாரிப்பில் கோளாறு என்று பொருள். சரியாக 1 என்றால் வயதுக்கும் பழுதுக்கும் தொடர்பில்லை. 1-க்கு மேல் என்றால் தேய்மானம்.

பராமரிப்புச் செலவு முழுக்க இந்த ஒரு எண்ணைப் பொறுத்தது. வடிவ எண் 1-க்கு மேல் இருந்தால் பழுதாகும் முன்பே மாற்றுவது பலன் தரக்கூடும். 1 என்றால் நன்றாக ஓடும் பாகத்தைக் கழற்றிப் புதிதாக மாட்டுவது வீண் செலவு. 1-க்குக் கீழே என்றால் அது ஆபத்தும்கூட. சோதனையில் தேறி நிற்கும் பழைய பாகத்தை எடுத்துவிட்டு, தேறுமா என்று தெரியாத புதியதை வைக்கிறோம். "ஆண்டுக்கொரு முறை எல்லாவற்றையும் மாற்றிவிடு" என்ற விதியை எழுதுவதற்கு முன் பழுதுப் பதிவேட்டைப் புரட்டுவது நல்லது.

கூட்டலா, பெருக்கலா?

மணி வடிவ இயல்நிலைப் பரவல்தான் எல்லோருக்கும் அறிமுகமானது. பல சிறிய, தொடர்பற்ற காரணங்கள் ஒன்றோடொன்று கூடி ஒரு எண்ணை உருவாக்கினால் அது பொருந்தும். பொட்டலமிடும் இயந்திரம் நல்ல எடுத்துக்காட்டு. அரைக்கிலோ பொட்டலத்தில் எடையின் திட்ட விலக்கம் 4 கிராம் என்றால், நூற்றில் ஒன்றுக்கு மேல் எடை குறையாமலிருக்க இயந்திரத்தை 509 கிராமுக்குச் சற்று மேலே நிறுத்த வேண்டும். விலக்கத்தை 2 கிராமாகக் குறைத்தால் 504.7 போதும். நாளொன்றுக்கு ஒரு லட்சம் பொட்டலம் போடும் ஆலைக்கு மிச்சம் 465 கிலோ.

காரணங்கள் கூடாமல் பெருகினால் கதை வேறு. வடிவமைப்பு தாமதமானால் கட்டுமானம் தாமதமாகும். அதனால் விலை ஏறும். அதனால் வட்டி ஏறும். இப்படிப் பெருகும் எண்கள் லாக்நார்மல் பரவலை ஒட்டி வரும். வலப்புறம் நீண்ட வால் இருக்கும். பென்ட் ஃபிளிவ்பியர், அலெக்சாண்டர் புட்சியர் இருவரும் 1,471 தகவல் தொழில்நுட்பத் திட்டங்களை ஆராய்ந்து 2011-இல் எழுதினார்கள். செலவு சராசரியாக 27 சதவீதம் கூடியிருந்தது. அதைத் தாங்கிவிடலாம் என்றுதான் தோன்றும். ஆனால் ஆறில் ஒரு திட்டம் சராசரியாக 200 சதவீதம் கூடுதலாக விழுங்கியிருந்தது. 27 சதவீதத்துக்கு இடம் விட்டுத் திட்டமிட்ட நிறுவனத்தை அந்த ஆறில் ஒன்று சாய்த்துவிடும்.

இன்னும் தடித்த வாலுடையது பரேட்டோ பரவல். வருமானப் பங்கீட்டை ஆராய்ந்த வில்ஃபிரடோ பரேட்டோ 1890-களில் கண்ட வடிவம். வாடிக்கையாளரில் 20 சதவீதத்தினரிடமிருந்து 80 சதவீத வருவாய் வருகிறது என்ற வழக்குக்குப் பின்னால் இருப்பது இதுவே. அந்த அளவுக்குச் சாய்ந்த பரவலில் பரவற்படி என்பதே முடிவிலி. பத்து ஆண்டுத் தரவில் நீங்கள் கணக்கிட்ட திட்ட விலக்கத்தை, அடுத்து வரும் ஒரே ஒரு பெரிய எண் தூக்கி எறிந்துவிடும்.

நிதிச் சந்தையில் இந்தத் தவறுக்கு விலை மிகப் பெரிது. பருத்தி விலை இயல்நிலைப் பரவலுக்குள் அடங்கவில்லை என்று பெனுவா மாண்டல்பிராட் 1963-லேயே காட்டினார். ஆயினும் 1987 அக்டோபர் 19 அன்று டவ் ஜோன்ஸ் குறியீடு ஒரே நாளில் 22.6 சதவீதம் விழுந்தபோது, பலருடைய கணக்கில் அப்படியொரு நாளே கிடையாது. 2007 ஆகஸ்டில் கோல்ட்மன் சாக்ஸ் நிறுவனத்தின் தலைமை நிதி அதிகாரி, 25 திட்ட விலக்க அசைவுகளைத் தொடர்ந்து பல நாள்கள் கண்டதாகக் கூறினார். இயல்நிலைப் பரவலின்படி 5 திட்ட விலக்க வீழ்ச்சி 14,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை. 7 என்றால் ஏறக்குறைய 300 கோடி ஆண்டுகளுக்கு ஒருமுறை. 25 தொடர்ந்து வந்தது என்றால் அங்கே உலகம் விதியை மீறவில்லை. விதியைத்தான் தவறாகத் தேர்ந்திருந்தார்கள்.

பெரிய விலகல்களின் கணிதத்தில் ஒரு சென்னைக்காரரின் முத்திரை இருப்பதை இங்கே சொல்லியாக வேண்டும். வசூலித்த பிரீமியத்தை மொத்த இழப்பீடு மிஞ்சும் வாய்ப்பு எவ்வளவு என்ற காப்பீட்டுக் கேள்வியிலிருந்து ஹரால்ட் கிராமர் 1938-இல் ஒரு தேற்றத்தை எட்டினார். அந்தச் சிந்தனையைப் பொதுவான ஒரு கோட்பாடாக விரித்தவர் 1940-இல் சென்னையில் பிறந்து, மாநிலக் கல்லூரியில் படித்த எஸ். ஆர். சீனிவாச வரதன். அதற்காக 2007-ஆம் ஆண்டின் ஏபெல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது.

உச்சத்துக்கென்று தனிக் கணக்கு

சில தொழில்களில் வழக்கமான நாள் எப்படி இருக்கிறது என்பது முக்கியமல்ல. மிக மோசமான நாள்தான் முக்கியம். 1953 ஜனவரி 31 இரவு வடகடல் பொங்கியதில் நெதர்லாந்தில் 1,836 பேர் மாண்டார்கள். அதன் பின் அமைந்த டெல்டா ஆணையத்துக்காகக் கணிதவியலாளர் டேவிட் வான் டான்சிக், கரையை எவ்வளவு உயர்த்துவது என்பதை ஒரு பொருளாதாரக் கணக்காக மாற்றினார். நீர்மட்டம் எட்டக்கூடிய உச்சங்களின் பரவல் ஒருபுறம், கரை கட்டும் செலவும் உடைந்தால் வரும் இழப்பும் மறுபுறம். மையப் பகுதிக்கு, ஓர் ஆண்டில் பத்தாயிரத்தில் ஒரு வாய்ப்புள்ள வெள்ளத்தையும் தாங்கும் கரை என்று முடிவானது. இத்தகைய கணக்குக்கு ஆண்டு உச்சங்களை மட்டும் எடுத்துப் பொருத்தும் கம்பல் போன்ற உச்ச மதிப்புப் பரவல்கள் இருக்கின்றன.

"நூறாண்டு வெள்ளம்" என்றால் நூறு ஆண்டுக்கு நிம்மதி என்று எண்ணுவது தவறு. ஒவ்வோர் ஆண்டும் நூற்றில் ஒரு வாய்ப்பு என்பதே அதன் பொருள். 30 ஆண்டுக் கடனில் கட்டிய ஆலை, கடன் தீர்வதற்குள் அத்தகைய வெள்ளத்தைச் சந்திக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 26.

முதலில் கேட்க வேண்டியவை

1. இது எண்ணிக்கையா, காலமா, தொகையா, ஆம்-இல்லையா, உச்சமா? குடும்பம் இங்கேயே தெரிந்துவிடும்.
2. நிகழ்வுகள் தனித்தனியா, ஒன்றையொன்று இழுத்து வருமா?
3. காரணங்கள் கூடுகின்றனவா, பெருகுகின்றனவா?
4. எதிர்மறை மதிப்பு வரக்கூடுமா, மேல் எல்லை உண்டா? எதிர்மறையாகாத தொகைக்கு இயல்நிலைப் பரவலைப் போடும் முன் யோசியுங்கள்.
5. தவறினால் எந்தப் பக்கம் விலை அதிகம்? அந்தப் பக்கத்து வாலை மட்டும் கூடுதல் கவனத்தோடு பொருத்துங்கள்.

பதிவேடு மறைப்பது

சரியான பரவலைத் தேர்ந்த பிறகும் தரவு நம்மை ஏமாற்றலாம். தினமும் 4 குப்பி மட்டும் வைத்திருக்கும் கடையின் விற்பனைப் பதிவேட்டில் 5 என்ற எண் ஒருநாளும் வராது. திரும்பிப் போனவர்களை யாரும் எழுதி வைப்பதில்லை. கேட்டு வருபவர்கள் சராசரி 4 பேர். பதிவேடு காட்டும் சராசரி 3.2. அதை நம்பி அடுத்த மாதம் 3 குப்பி வாங்கினால் பதிவேடு இன்னும் குறைவாகக் காட்டும். தேவை குறையவே இல்லை; கடை தானாகவே அதைக் குறைத்துக்கொண்டிருக்கிறது. கையிருப்பு தீர்ந்த நாள்களைத் தனியே குறித்து வைப்பது, எந்த மென்பொருளும் தர முடியாத பலனைத் தரும்.

சிறிய மாதிரியும் அப்படித்தான். டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் காசெட், ஈஸ்ட் செல்களை எண்ணுவதில் வரும் பிழையைப் பற்றி 1907-இலும், சிறு மாதிரிகளின் சராசரியைப் பற்றி 1908-இலும் எழுதினார். ஊழியர்கள் சொந்தப் பெயரில் எழுத ஆலை இடம் தராததால் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில். வெறும் ஐந்து அளவீடுகளை வைத்து 95 சதவீத உறுதியோடு பேச வேண்டுமானால் திட்டப் பிழையை 1.96-ஆல் அல்ல, 2.78-ஆல் பெருக்க வேண்டும் என்கிறது அவருடைய பரவல். தரவு குறைந்தால் தயக்கம் கூட வேண்டும். எவ்வளவு கூட வேண்டும் என்பதற்கும் அவர் அளவு தந்துவிட்டார்.

எர்லாங், வெய்புல், காசெட் மூவரும் தொழில் கொடுத்த சிக்கலிலிருந்து இந்தக் கணிதத்துக்கு வந்தவர்கள். தங்கள் எண்கள் எந்த இயந்திரத்தில், எந்த மனிதர்களிடம், எந்த வரிசையில் பிறந்தன என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்று பத்துப் பரவல்களை ஒரே நொடியில் பொருத்திப் பார்த்து "இதுவே சிறந்தது" என்று மென்பொருள் சொல்லிவிடும். அந்தப் பட்டியலில் முதலிடத்தில் இருப்பதை ஏற்றுக்கொள்ளும் முன் கடைப் பையனிடமும் பழுதுபார்ப்பவரிடமும் வசூல் ஊழியரிடமும் பேசுங்கள். எது கூட்டமாக வருகிறது, எது ஒன்றையொன்று இழுக்கிறது, எது பதிவாகாமல் போகிறது என்று சொல்லக்கூடியவர்கள் அவர்களே. நம் வகுப்பறைகளும் வாய்ப்பாட்டோடு நிற்காமல், பரவலின் பெயரைச் சொல்லாமல் தரவை மட்டும் கொடுத்து "எது பொருந்தும், ஏன்?" என்று கேட்கத் தொடங்க வேண்டும். அந்த "ஏன்" என்பதற்கு விடை எழுதத் தெரிந்த மாணவர், நாளை எந்தத் தொழிலுக்குப் போனாலும் சராசரியைக் கண்டு ஏமாறமாட்டார்.